அக்டோபரில் விதி, நவம்பரில் விலக்கு

11

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அரை வக்கீலுக்கு அவ்வளவு பேர் தேவையில்லை. ஒரே ஒரு அண்ணன் போதும்.

கோலெட் கோரெட்ஸ்கியைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக இரண்டு வரி. வயது முப்பத்தைந்து. பல் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் ஊராரின் பல்லைச் சுத்தம் செய்தவள். ஒரு நாள் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஒரு சட்டக் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தாள். அவள் சேர்ந்த அதே ஆகஸ்டில் அப்பா காஸிமிர் கண்ணை மூடினார். உயில்படி வீடும் மற்றதும் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. மூத்தவள் லியோனாவிடம் அதை நிறைவேற்றும் பொறுப்பு. நடுவில் நார்பர்ட். கடைக்குட்டி நம் கோலெட்.

முதலாண்டுக்காரர்களுக்கு என்றே ஒரு வியாதி உண்டு. அடுத்தவன் செய்த தீங்குக்கு ஈடு கேட்கும் டார்ட்ஸ் பாடத்தை மூன்று வாரம் படித்திருப்பார்கள். உடனே பக்கத்து வீட்டுக்காரரின் வாசற்படியில் கிடக்கும் ஈர இலையைக் காட்டி, யாராவது வழுக்கி விழுந்தால் நீங்கள்தான் பொறுப்பு என்று மிரட்டுவார்கள். குற்றவியல் சட்டம் தொடங்கினால் தொலைக்காட்சியில் துப்பறியும் கதை பார்க்கும் வீட்டாரை நிம்மதியாகப் பார்க்க விடமாட்டார்கள். இதில் கோலெட் ஒரு படி மேல். சித்தப்பாவின் ஜிம் சந்தா ஒப்பந்தத்தைக்கூட வாங்கிப் படித்துத் திருத்தம் சொன்னவள் அவள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அக்டோபர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது அப்படியில்லை.

மில்வாக்கியில் வெள்ளிக்கிழமை என்றால் பொரித்த மீன்தான். மாதா கோயில் கூடத்தில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டை விற்றுவிடலாம் என்று லியோனா பேச்செடுத்தாள். நார்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, ஏரிக் கப்பலில் இருந்த நல்ல வேலையை அவன் விட்டுவிட்டு வந்தவன். தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி, கடைசி மூச்சு வரை பார்த்தவன். வீட்டை எனக்குத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்தார் என்று மெதுவாகச் சொன்னான்.

லியோனா கோலெட்டைத் திரும்பிப் பார்த்தாள். சட்டம் என்ன சொல்லுது என்று கேட்டாள்.

கோலெட்டுக்கு அந்த வாரம்தான் அந்தப் பாடம் முடிந்திருந்தது. வாயில் மீனோடு, தயங்காமல் சொன்னாள். வீடு நிலம் சம்பந்தப்பட்ட வாக்கு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் செல்லாது.

நார்பர்ட் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சரி என்றான். வேறு வக்கீலிடம் போய் அவன் கேட்கவில்லை. வீட்டிலேயே ஒரு வக்கீல் இருக்கும்போது எதற்கு என்று நினைத்துவிட்டான், பாவம். பழைய கப்பல் கம்பெனிக்கு எழுதிப் போட்டான். திங்கட்கிழமை சுப்பீரியர் துறைமுகத்தில் ஏற வேண்டும் என்று பதில் வந்தது. வீட்டை வாங்கவும் ஆள் வந்துவிட்டது. வீட்டின் மேல் எனக்குத் தனி உரிமை எதுவும் இல்லை என்று எழுதிய காகிதத்தில், இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வக்கீல் டீட்ஸின் அலுவலகத்தில் அவன் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

காலை பத்து மணிக்கு ஒப்பந்தச் சட்ட வகுப்பு. பேராசிரியை ரென்ஃப்ரூ குரலை உயர்த்தவே மாட்டார். கையில் மாணவர்களின் படம் ஒட்டிய தாள் இருக்கும். யார் பெயர் வரும் என்று யாருக்கும் தெரியாது. பெயர் வந்தவர் அன்றைய வழக்கைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். எண்பது பேர் தலையைக் குனிந்து, இல்லாத குறிப்பை எழுதுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

"மிஸ் கோரெட்ஸ்கி" என்றார் பேராசிரியை.

கோலெட் நிமிர்ந்தாள். முந்தின நாள் முழுக்க வேறொரு பாடத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்ததில், இன்றைய வழக்கைப் பாதிதான் படித்திருந்தாள். ஆனாலும் பாதி வரை நன்றாகவே சொன்னாள். ஒரு பெரியவருக்கு ஆப்பிள் தோட்டம். வெளியூரில் வேலை பார்த்த அண்ணன் மகளைக் கூப்பிட்டு, வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள், எனக்குப் பிறகு உனக்குத்தான் என்கிறார். அவள் வேலையை விட்டு வருகிறாள். ஒன்பது வருடம் உழைக்கிறாள். பெரியவர் எதையும் எழுதி வைக்காமல் இறந்துபோகிறார்.

"எழுத்துல ஒண்ணும் இல்ல. அப்ப அந்தப் பொண்ணுக்குத் தோட்டம் கிடைக்காதா?"

"கிடைக்காது, புரொஃபசர். நிலம் சம்பந்தமான வாக்கு எழுத்துல இருக்கணும்."

"அது அக்டோபர்ல படிச்சது. நாம இப்ப நவம்பர்ல இருக்கோம். அடுத்த பக்கத்தைப் புரட்டிப் படிங்க."

வகுப்பில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. கோலெட் பக்கத்தைப் புரட்டிச் சத்தமாகப் படித்தாள். எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் ஒருவர் கொடுத்த வாக்கை நம்பி இன்னொருவர் தன் பிழைப்பையே மாற்றிக்கொண்டிருந்தால், வாக்கைக் கொடுத்தவரோ அவருடைய வாரிசோ எழுத்து இல்லை என்று சொல்லி நழுவுவது அநியாயமாகிவிடும் என்றால், நீதிமன்றம் அந்த வாக்கை நிறைவேற்றச் சொல்லலாம். தோட்டம் அந்தப் பெண்ணுக்கே என்று தீர்ப்பு.

படிக்கப் படிக்கக் குரல் தேய்ந்துகொண்டே போனது. ஆப்பிள் தோட்டம் அவள் கண்ணில் இல்லை. அப்பாவின் படுக்கை விரிப்பைத் துவைத்துப் பின்கட்டில் காயப்போடும் நார்பர்ட்தான் இருந்தான்.

"பெரியவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னார்னு நீதிபதிக்கு எப்படித் தெரிஞ்சுது?" பேராசிரியை விடவில்லை.

"தோட்டத்துல வேலை செஞ்ச ஒருத்தர் பக்கத்துல நின்னு கேட்டிருக்கார். அவர் சாட்சி சொன்னார்."

"அந்த ஆள் வாயைத் திறக்காம இருந்திருந்தா?"

"பொண்ணு தோத்திருப்பா."

பேராசிரியை தலையசைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். கோலெட் அந்தக் கடைசிக் கேள்வியிலேயே நின்றுவிட்டாள்.

ஏனென்றால் வாசகர்களே, இந்தப் பத்து அத்தியாயத்தில் அவள் நம்மிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அப்பா அந்த வாக்கைக் கொடுத்தபோது அவள் அங்கேதான் இருந்தாள்.

ஆறு வருடத்துக்கு முந்திய மார்ச் மாதம். பனி இன்னும் கரையவில்லை. வீட்டுச் சமையலறையில் அப்பா சக்கர நாற்காலியில். நார்பர்ட் எதிரே. அவள் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கவாதத்தால் அப்பாவின் பேச்சு இழுத்து இழுத்து வந்தாலும் தெளிவாகத்தான் வந்தது. கப்பலை விட்டுட்டு வா, நார்பர்ட். என்னைப் பாத்துக்கோ. இந்த வீடு உனக்கு. நார்பர்ட் அழுதான். அவள் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

மீன் சாப்பிட்ட அன்று நார்பர்ட் அவள் முகத்தை ஏன் அப்படிப் பார்த்தான் என்று இப்போது உறைத்தது. அவன் சட்டத்தைக் கேட்கவே இல்லை. அதைக் கேட்டது லியோனா. அவன் எதிர்பார்த்தது வேறு.

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் பர்டெட் அவளைப் பிடித்துக்கொண்டார். லெமுவல் பர்டெட் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்று, ஐம்பத்தாறு வயதில் சட்டம் படிக்க வந்தவர். கேள்வி ஒன்றும் அவ்வளவு கடினமில்லையே, முகம் ஏன் இப்படிச் சுண்டிப்போயிருக்கிறது என்று விசாரித்தார்.

கோலெட் நார்பர்ட்டின் கதையைக் கொட்டினாள். தான் சொன்ன சட்டம் பாதிச் சட்டம் என்றாள். நாலு மணிக் கையெழுத்தையும் சொன்னாள். பாத்திரம் கழுவியதை மட்டும் சொல்லவில்லை.

பர்டெட் தாடையைத் தடவிக்கொண்டார். "இங்க பாரு கோலெட். நாம இன்னும் வக்கீல் கிடையாது. கேஸ் ஜெயிக்கும், வீடு உனக்குத்தான்னு மறுபடியும் போய் அளந்து விடாத. அது இன்னொரு தப்பாயிடும். நான் சொன்னது தப்பு, கையெழுத்துப் போடாத, நல்ல வக்கீலாப் பாருன்னு மட்டும் சொல்லு. போதும்."

"அவன் என் மேல கோபப்படுவானே."

"படட்டும். ஆளைத் தப்பான ஸ்டாப்புல இறக்கி விட்டுட்டு, வண்டிக்குள்ளேயே உக்காந்து வருத்தப்பட்டு என்ன பண்றது?"

கைபேசியில் கூப்பிட்டாள். நார்பர்ட் எடுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அப்பாவின் சக்கர நாற்காலியில் நார்பர்ட்டின் கப்பல் பை, மூட்டை கட்டி முடித்து உட்கார்ந்திருந்தது. ஆளைக் காணோம். அப்போதுதான் மாதா கோயிலின் வெள்ளிக்கிழமை மீன் நினைவுக்கு வந்தது.

மாதா கோயில் கூடத்துச் சமையலறையில் நார்பர்ட் தலையில் வலை மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தான். சாயங்கால மீனுக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்கு அடை. இந்த வேலையை ஆறு வருடமாக அவன்தான் செய்கிறான். அப்பாவை விட்டு வாரத்தில் மூன்று மணி நேரம் வெளியே வர அவனுக்குக் கிடைத்த ஒரே சாக்கு அது.

"வக்கீலம்மா வந்தாச்சு. கையைக் கழுவிட்டு வா, இன்னும் ஒரு மூட்டை கெடக்கு" என்றான்.

அவள் கையைக் கழுவவில்லை. நின்றபடியே சொன்னாள். அக்டோபரில் சொன்னது தப்பு. சட்டத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது. இன்றைக்குத்தான் பாடம் நடந்தது. தயவு செய்து கையெழுத்துப் போடாதே, உனக்கென்று ஒரு வக்கீலைப் பார். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

நார்பர்ட் துருவிக்கொண்டே இருந்தான். கிழங்கு தீர்ந்ததும் இன்னொன்றை எடுத்தான்.

"விதியை அக்டோபர்ல சொல்லிக் குடுத்துட்டு விலக்கை நவம்பர்லயா சொல்லிக் குடுப்பாங்க?"

"ஆமா."

"நல்ல காலேஜ்" என்றான். சிரிப்பதுபோல் இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை. "சரி, அந்த விலக்குக்கு என்னென்ன வேணும்?"

அவள் சொன்னாள். வாக்கு கொடுத்திருக்க வேண்டும். அதை நம்பி இவன் தன் வாழ்க்கையை மாற்றியிருக்க வேண்டும். வாக்கு கொடுத்ததற்கு யாராவது சாட்சி இருந்தால் நல்லது.

துருவுகிற சத்தம் நின்றது.

"சாட்சி" என்றான் நார்பர்ட். வலையைச் சரிசெய்துகொண்டு அவளை நேராகப் பார்த்தான். "சட்டத்தை விடு, கோலெட். நீ அன்னிக்கு அங்க இருந்தே. அப்பா சொன்னதை நீ கேட்டியா, இல்லையா?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் இருக்கிறது. அந்த வார்த்தை அவள் தொண்டை வரைக்கும் வந்தது. அதோடு சேர்ந்து மற்றதும் வந்தது. வீடு விற்றால் வரும் மூன்றில் ஒரு பங்கில்தான் அவளுடைய இரண்டாம் வருடப் படிப்பு இருந்தது. அது இல்லையென்றால் மே மாதத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு மறுபடியும் பல் தேய்க்கப் போக வேண்டும். இன்னொரு பக்கம் லியோனா. அம்மா இறந்தபோது கோலெட்டுக்கு ஒன்பது வயது. தலை பின்னிவிட்டதிலிருந்து பள்ளிக்கூட விழாவுக்கு வந்தது வரை எல்லாம் லியோனாதான். அவளுடைய கணவன் டேலுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்து மாடிப்படி ஏற முடியாமல் திணறுகிறார். படியில்லாத சின்ன வீடாகப் பார்த்து வைத்திருக்கிறாள் லியோனா. அவளும் இந்த விற்பனையைத்தான் நம்பியிருந்தாள்.

"ஆறு வருஷம் ஆயிடுச்சு, நார்பர்ட். அப்பா என்ன வார்த்தை சொன்னார்னு எனக்குச் சரியா..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

நார்பர்ட் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. தலையை ஆட்டிவிட்டு, அடுத்த கிழங்கை எடுத்தான். மூன்றே முக்காலுக்குத் தான் கிளம்ப வேண்டும் என்றான். அப்புறம் அவள் இருந்த பக்கமே அவன் திரும்பவில்லை.

கோலெட் காரில் வந்து உட்கார்ந்தாள். நாலு மணிக்கு உரிமையியல் நடைமுறை வகுப்பு இருந்தது. எங்கே வழக்குப் போடலாம், யார்மேல் போடலாம், எத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிற பாடம். ஒன்றுமே நடக்காததுபோல் வண்டியைக் கிளப்பிக் கல்லூரிப் பக்கம் ஓட்டினாள். தான் பொய் சொல்லவில்லை என்று தனக்குத்தானே வாதாடினாள். ஞாபகமில்லை என்பது பொய்யாகாது. சத்தியம் செய்து சொன்னால்தான் பொய்ச் சாட்சி. சமையலறையில் சொன்னதற்குத் தண்டனை கிடையாது. இப்படியே நாலு தெரு போனது.

பாலத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு. பனி லேசாகத் தூவ ஆரம்பித்திருந்தது. இவ்வளவு அழகாக வாதாடுகிறோமே, யாருக்காக வாதாடுகிறோம் என்று நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. அக்டோபரில் சொன்னது அறியாமை. இன்று கூடத்தில் சொன்னது அறியாமை இல்லை. துண்டை நீட்டிய கை அவளுடையது. அவன் அழுத முகம் அவளுக்குத் தெரியும்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் வண்டியைத் திருப்பினாள்.

வக்கீல் டீட்ஸின் அலுவலகம் ஒரு பேக்கரிக்கு மேல்மாடி. படியெல்லாம் ரொட்டி வாசனை. கோலெட் மூச்சிரைக்க ஏறி உள்ளே போனபோது மணி நாலு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நீள மேசைக்கு ஒரு பக்கம் லியோனா, குளிர் கோட்டைக்கூடக் கழற்றாமல். எதிர்ப்பக்கம் நார்பர்ட், நகக்கண்ணில் கிழங்கு மாவோடு. நடுவில் டீட்ஸ். காகிதத்தை வாசித்து முடித்திருந்தார். நார்பர்ட்டின் கையில் பேனா.

"வா, வா. உனக்கும் ஒரு கையெழுத்து இருக்கு" என்றாள் லியோனா, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டபடி.

கோலெட் உட்காரவில்லை. இப்போது உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தைரியம் வராது என்று பயந்தாள்.

"நார்பர்ட், போடாத. எழுத்துல இல்லாட்டியும் சட்டத்துல அதுக்கு ஒரு விலக்கு இருக்கு. லியோனா, நான் அன்னிக்குச் சமையலறையிலதான் இருந்தேன். கப்பலை விட்டுட்டு வா, என்னைப் பாத்துக்கோ, இந்த வீடு உனக்குன்னு அப்பா சொன்னார். நான் என் காதால கேட்டேன்."

டீட்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். நார்பர்ட் நிமிரவில்லை. பேனா மட்டும் காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"ஆறு வாரமா எங்க போயிருந்துச்சு இந்தக் காது?" என்றாள் லியோனா.

"இங்கதான் இருந்துச்சு. எனக்கு என் பங்கு வேணும்னு இருந்துச்சு. படிப்பு நின்னுடும்னு பயம். அதான் சட்டத்தைச் சொல்லிட்டு, கேட்டதைச் சொல்லாம இருந்துட்டேன். இன்னிக்கு மத்தியானம்கூட இவன் கேட்டான். அப்பவும் மழுப்பினேன்." சொல்லி முடிப்பதற்குள் கண்ணீர் வழிந்து மோவாய் வரை வந்துவிட்டது. கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டாள்.

டீட்ஸ் காகிதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தான் இறந்தவரின் சொத்துக்குத்தான் வக்கீல், இங்கே இருக்கிற மூன்று பேரில் யாருக்கும் இல்லை என்று விளக்கினார். இதைக் கேட்ட பிறகு இன்று யாரிடமும் கையெழுத்து வாங்கப்போவதில்லை என்றும், நார்பர்ட் தனியாக ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றும் சொன்னார். வீடு வாங்க வந்தவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தொலைபேசியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். நல்ல மனிதர். மூன்று பேரையும் தனியாக விட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நார்பர்ட் பேனாவை மூடி வைத்தான். உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"வீடு போனாப் போகட்டும்னுதான் இருந்தேன், கோலெட். அப்பா சொல்லவே இல்லாததை நானாக் கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு ஆறு வாரமாத் தூக்கம் இல்ல" என்றான்.

கோலெட் மேசையைச் சுற்றி வந்தாள். பக்கத்தில் போய் அவன் தோளில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

லியோனா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கத்துவாள் என்று கோலெட் எதிர்பார்த்தாள். டேலின் உடம்பைச் சொல்லி அழுவாள், வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்பாள், அடுத்த வியாழக்கிழமை நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு என் வீட்டு வாசலை மிதிக்காதே என்பாள் என்று காத்திருந்தாள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. தெருவில் விழும் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு, திரும்பாமலே கேட்டாள். "அந்த விலக்கு இருக்குன்னு சொல்றியே. அதுக்கு எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் பரவாயில்லையா?"

"ஏன் கேக்குற?"

"அம்மா செத்தப்ப நான் நர்ஸ் காலேஜ்ல ரெண்டாம் வருஷம். அப்பா ராத்திரி வேலைக்குப் போறவர். உன்னைப் பாத்துக்க ஆள் இல்ல. நான் கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்திருந்தேன். திரும்பிப் போக வேணாம், லியோனா, சின்னவளை வளத்துக் குடு, இந்த வீடு உனக்குத்தான்னு சொன்னார்." லியோனா இப்போது திரும்பினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. "நான் காலேஜை விட்டேன். பள்ளிக்கூடச் சமையலறையில வேலைக்குச் சேந்தேன். ஒன்பது வருஷம் உன்னைப் பாத்துக்கிட்டேன். எழுத்துல இல்லை, யாரும் கேக்கவும் இல்லை. உயில்ல மூணு பங்குன்னு இருந்ததைப் பாத்தேன். சரி, மூணாவே போகட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்."

நார்பர்ட் நாற்காலியை விட்டு எழுந்தான். எழுந்தவனுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

தான் சாப்பிட்ட சோறும் பின்னிய தலையும் ஏறிய வகுப்பும் இன்னொருத்தி விட்டுவிட்டு வந்த படிப்பின் மேல் நின்றன என்று கோலெட்டுக்கு இருபத்தாறு வருடமாகத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. லியோனாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறைதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லேன்" என்றாள் லியோனா. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "எனக்குன்னு தனியா நானும் ஒரு வக்கீலைப் பாக்கணுமா?"

கோலெட் நார்பர்ட்டைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. வேண்டாம், நாமே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.

"பாக்கணும், லியோனா" என்றாள். தன்னை வளர்த்தவளிடம் இந்த முறையும் பாதியைச் சொல்லிவிட்டு நிற்க அவளால் முடியவில்லை.